மாலைக்குக் கீழே

அக்கா நான் வரைந்த படத்தை வாசல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையை நன்றாக நீட்டிப் பிடித்திருந்தாள். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. நான் கூடத்தில் நின்றபடி காபி டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நெடுஞ்சாலையில் கரும்பு லாரி ஒன்று போனது. அக்கா கையில் இருந்த கண்ணாடிச் சட்டம் லேசாக அதிர்ந்தது.

"மூக்கு என் மூக்குதான்" என்றாள். "கண்ணு கூட சரியாத்தான் கீது."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவள் கேட்டது இது.

"மாலைய ஏன்டி போட்ட?"

"போட்டோல இருந்துச்சுக்கா."

"இருந்துச்சு. இத எங்க மாட்டப் போறேன்? இந்தச் செவுத்துல. இந்தாண்ட அப்பா, அந்தாண்ட அம்மா. ரெண்டு பேரு கழுத்துலயும் மாலை. நடுவுல நானும் மாலையோட. வர்றவன் இன்னா நெனைப்பான்? காஞ்சனா எப்போ போய்ச் சேந்தான்னு கேப்பான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் படத்தைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்கும்படி பெஞ்சின் மேல் சாய்த்து வைத்துவிட்டாள்.

கேட்காதவள் கேட்டது

இந்தத் தொடரில் என் மாமியாரைப் பற்றி எழுதினேன். எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற மழைக்காலத்தைப் பற்றி எழுதினேன். அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று யோசித்தால், எழுதுகிற அளவுக்கு அவளைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது படுகிறது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். படாளத்தில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவையும் அப்பாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். நான் கல்யாணமாகி செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் நல்ல நாளுக்கும் காரியத்துக்கும் மட்டும் போய்வருகிற ஆளாகிவிட்டேன்.

போன பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க, சுவரில் இருந்த படங்களை எல்லாம் இறக்கினோம். அக்கா ஒவ்வொன்றாகத் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.

"இந்தா, உன் கல்யாணம். இது உன் பொண்ணு தீபா மொட்ட அடிச்சது. இது உன் வூட்டுக்காரரு மொத மொதல்ல மோட்டார் சைக்கிள் வாங்குனது." கடைசிப் படத்தைக் கொடுத்துவிட்டுக் கையை உதறினாள். "என் வூட்டுச் செவுத்துல என்னைத் தவிர எல்லாரும் கீறீங்க."

நான் படங்களைப் பழைய துணியில் சுற்றி அடுக்கினேன்.

"நீ இன்னாவோ சாக்பீஸ்ல ஆளுங்கள வரையறியாமே. தீபா சொல்லிச்சு. என்னை ஒண்ணு வரையேன்."

எனக்கு நினைவு தெரிந்து அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. இதை நன்றாகச் செய்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

திரும்பிப் பார்க்காத படம்

அது சாக்பீஸ் இல்லை, பாஸ்டல். பார்க்க சாக்பீஸ் மாதிரிதான் இருக்கும். நிறப் பொடியைக் குச்சியாக அழுத்திச் செய்தது. என் மகள் தீபா கல்லூரியில் வாங்கி, இரண்டு நாள் தேய்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டாள். அவள் வேலைக்கு பெங்களூரு போன பிறகு, அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பெட்டி என் கைக்கு வந்தது. நான் பத்தாவதோடு நின்றவள். யாரிடமும் போய்ப் படம் கற்றுக்கொள்ளவில்லை. போனில் வீடியோ பார்ப்பேன், சொரசொரப்பான தாளில் தேய்ப்பேன், விரலால் இழுத்துவிடுவேன். சமையல் செய்யும்போது புடவையில் நீலமும் சிவப்புமாக விரல் தடம் இருக்கும். என் வீட்டுக்காரர், "இன்னிக்கு சாம்பார்ல இன்னா கலரு?" என்பார்.

ஆரம்பத்தில் ஒருமுறை மாமல்லபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடற்கரைக் கோவிலைப் பார்த்து வரையலாம் என்று புல்லில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம். சுற்றுலா வந்த ஒரு குடும்பம், சங்கு மாலை விற்கிற ஒரு அம்மாள், ஐஸ்க்ரீம் வண்டிக்காரர்.

"கோபுரம் சாஞ்சிருக்குதே" என்றார் வண்டிக்காரர்.

"காத்துக்கு சாஞ்சிருக்கும், நீ போய் உன் வண்டியப் பாரு" என்றாள் சங்கு விற்கிற அம்மாள்.

எனக்காகத்தான் பேசினாள். ஆனால் எனக்குக் காது சிவந்துவிட்டது. பெட்டியை மூடிக்கொண்டு நேராக பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். அன்றிலிருந்து போட்டோவைப் பார்த்து மட்டும்தான் வரைகிறேன். போட்டோவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது என்னைத் திரும்பிப் பார்க்காது. எனக்கு அதுதான் வசதி.

அக்காவையே உட்காரவைத்து வரைந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. நான் தேடியது அவளுடைய போட்டோவை.

திருவிடந்தை

அக்கா தனியாக நிற்கிற போட்டோ ஒன்றுதான் இருந்தது. அம்மாவின் இரும்புப் பெட்டியில், ஜாக்கெட் துணிகளுக்கு அடியில்.

திருவிடந்தைப் பெருமாள் கோவில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை கொண்டுபோவார்கள். பெருமாளுக்குச் சாத்தி ஒரு மாலையைத் திருப்பித் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரகாரத்தை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். பிறகு அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து, காய்ந்த மாலையைக் கோவிலில் சேர்ப்பார்கள்.

அக்காவுக்கு இருபத்தைந்து தாண்டியதும் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் பஸ் மாறி மாறி திருவிடந்தைக்குப் போனோம். மாமா யாரிடமோ கேமரா இரவல் வாங்கி வந்திருந்தார். ஒன்பது சுற்றும் முடிந்து அக்கா கோவில் வாசலில் நின்றபோது எடுத்த படம்தான் அது.

அந்த நாளில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். கோவிலுக்குப் பிறகு மாமல்லபுரத்தில் இறங்கிக் கடலைக் காட்டுவதாக அம்மா சொல்லியிருந்தாள். கடைசியில் இறங்கவில்லை. பஸ் மாமல்லபுரத்தில் நின்றபோது வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தினார்கள். செங்கல்பட்டு வரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

அதன் பிறகு வந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்காவைப் பார்க்க வந்தவர்களின் உறவில் ஒருவர் என்னைப் பெண் கேட்டார். நல்ல இடம், விடக் கூடாது என்றார்கள். என் கல்யாணத்தன்று சாமிப் படத்துக்குப் பின்னால் அக்காவின் மாலை நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் மணமேடைக்குப் போனேன்.

மஞ்சள்

போட்டோ வெளிறிப்போயிருந்தது. பச்சைப் புடவை சாம்பலும் நீலமுமாக மாறியிருந்தது. வெயில் உச்சியில் இருந்தபோது எடுத்த படம், அதனால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல். போட்டோவில் கறுப்பாகத் தெரிகிற நிழலைக் கறுப்பாகவே போட்டால் முகம் செத்துவிடும். அங்கே கொஞ்சம் ஊதா, கொஞ்சம் செங்கல் நிறம் தேய்க்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

போட்டோ மேல் கட்டம் போட்டேன். தாளிலும் கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டமாக அக்காவைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். அவளுடைய நிறம் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. வெளுப்பாகப் போட்டால் சந்தோஷப்படுவாளோ என்று ஒரு நிமிடம் நினைத்து, வேண்டாம் என்று விட்டேன்.

கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், தூரத்தில் எதையோ பார்த்தது. பெருமாளை வேண்டிக்கொள்கிற கண் என்று நினைத்து உருகி உருகி வரைந்தேன்.

அதிக நாள் எடுத்தது மாலைதான். போட்டோவில் அது வெறும் ஆரஞ்சுப் பட்டையாக இருந்தது. மார்க்கெட்டில் சாமந்தி வாங்கி வந்து தட்டில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு பூவாகப் போட்டேன். நடுநடுவே துளசி, ரோஜா. தாளின் சொரசொரப்பு முழுக்க மஞ்சள் பொடியைக் குடிக்கும்வரை அழுத்தினேன். கழுத்திலிருந்து இடுப்புவரை கனமான மாலை. படத்திலேயே அதுதான் அழகாக வந்திருந்தது. என் வீட்டுக்காரர்கூடப் பார்த்துவிட்டு, "வாசனையே வருது" என்றார்.

சட்டம் போடும் கடை

பாஸ்டல் படத்தின் மேல் விரல் பட்டாலே பொடி வந்துவிடும். கண்ணாடி போட்டாக வேண்டும், அந்தக் கண்ணாடியும் படத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிரேம் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோனேன்.

கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும்மா, உங்க அக்காவா? ஜாடை கீது."

தலையை ஆட்டினேன்.

"ரொம்ப சின்ன வயசு. இன்னா ஆச்சு?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களும் பரிதாபமாக என்னைப் பார்த்தார்கள். இப்போது மறுத்தால் எல்லோரும் சங்கடப்படுவார்களே என்று, "இல்லீங்க..." என்று மட்டும் முனகி நிறுத்திக்கொண்டேன். பேச முடியாமல் துக்கம் அடைக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"சரி, வுடுங்க. நல்லா பண்ணித் தர்றேன். மேல சின்ன சிவப்பு பல்பு ஒண்ணு மாட்டிடறேன். காசு வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் பல்பை ஒயரோடு கழற்றினேன். அவர் தொழிலில் தினமும் அப்படிப்பட்ட படங்களைத்தானே பார்க்கிறார், அவருக்கு அப்படித்தான் தோன்றும். அக்காவுக்குத் தெரியும், இது திருவிடந்தை மாலை, கல்யாண மாலை. அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு படாளத்துக்கு பஸ் ஏறினேன்.

கழுத்து

அக்கா படத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கினாள்.

"மாலைய எடுத்துடலாங்கா" என்றேன். "பிரஷ்ஷால தட்டுனா பொடி உதிர்ந்துடும். ஆனா கீழ இன்னா இருந்துச்சுன்னு தெரியலயே. போட்டோல மாலைதான் மறைச்சுகினு கீது."

"கீழ நான்தான் இருந்தேன்."

"அது இல்லக்கா. செயின் போட்டிருந்தியா, ரவிக்கை இன்னா கழுத்து, அதெல்லாம்..."

அக்கா பொறுக்குவதை நிறுத்தினாள்.

"சாவி இருந்துச்சு."

"எந்தச் சாவி?"

"பூத்து சாவிடி. மறந்துட்டியா?"

எனக்கு மெதுவாகத்தான் வந்தது. சாலைகள் பிரிகிற கூட்ரோட்டில், காசு கொடுத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. அக்கா அதில் வேலை பார்த்தாள். காலையில் ஷட்டரைத் திறப்பதும் ராத்திரி பூட்டுவதும் அவள் பொறுப்பு. பஸ் கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். நீளமான ஷட்டர் சாவி.

"அம்மா கோயில்ல கழட்டச் சொன்னாங்க. பெருமாளு முன்னாடி இன்னாடி தாயத்து மாதிரின்னு. நான் கழட்டல. மாலை போட்டதும் தானா மறைஞ்சிடுச்சு. ஒம்போது சுத்தும் அது நெஞ்சுல இடிச்சுகினே வந்துச்சு."

"அப்போ அந்தக் கண்ணு?"

"எந்தக் கண்ணு?"

"எங்கியோ பாத்துகினு நிக்கிறியே. வேண்டிக்கிறன்னு நெனைச்சேன்."

அக்கா சத்தமாகவே சிரித்தாள். "பஸ்ஸு வருதான்னு பாத்துகினு இருந்தேன். சாயங்காலம் பூத்தத் தொறக்கணும். வெள்ளிக்கெழமைன்னா துபாய்க்குப் பேச வெளியே ஆளுங்க நிப்பாங்க. பாதி பேருக்கு நம்பரு கூட போடத் தெரியாது, நான்தான் போட்டுக் குடுக்கணும். நான்தான் அம்மாவை நச்சரிச்சுப் பொறப்பட வெச்சேன். நீகூட மூஞ்ச தூக்கி வெச்சுகினு வந்த."

கடலைக் காட்டாமல் போனதன் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா வேலையை விட்டுவிட்டாள் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். உண்மையில் நடந்ததை அன்று சொன்னாள். திருப்போரூர்ப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பூத்தில் உட்கார்ந்து கண்டவர்களோடு பேசுகிற பெண்ணா என்று கேட்டார்களாம். ஒரு காலையில் அக்கா எழுந்து பார்த்தபோது ஆணியில் சாவி இல்லை. அப்பா போய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் பிறகு வரவில்லை.

"அப்பாவை ஒண்ணும் கேக்கலியாக்கா?"

"இன்னா கேக்கறது? அவரு நல்லது நெனைச்சுதான் செஞ்சாரு." ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். "நீயும்தான் அன்னிக்கு வூட்ல இருந்த. ஏன்டி பூத்துக்குப் போகலன்னு நீ கேக்கல."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நான் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். எனக்கு அப்போது வேறு எதுவோ முக்கியமாக இருந்திருக்கும். என்னவென்று இப்போது நினைவில்லை.

"அந்த மாலை?" என்று கேட்டேன். அப்பா காரியத்தின்போது நான் அதைப் பார்க்கவில்லை.

"தீபா பொறந்தப்ப உன்னைப் பாக்க வந்தேனே, அன்னிக்கு எடுத்துகினு வந்தேன். பாலாத்து பாலம் வந்ததும் ஜன்னல் வழியா வுட்டுட்டேன். பக்கத்துல இருந்த ஆளு பஸ்ஸுல குப்பை போடாதீங்கன்னான். பஸ்ஸுலயா போட்டேன், ஆத்துலதான போட்டேன்னு சொன்னேன்."

அன்று ஆஸ்பத்திரியில் அவள் தீபாவைத் தூக்கிக் கொஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது. கை சுத்தமாக இருக்கிறதா என்று முந்தானையில் பலமுறை துடைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தாள்

அடுத்த ஞாயிறு பாஸ்டல் பெட்டியோடு போனேன். சட்டத்தின் பின் ஆணிகளைப் பிடுங்கித் தாளை வெளியே எடுத்து, வாசலில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டினேன். சாமந்தி மஞ்சள் பொடியாகத் தரையில் கொட்டியது. அக்கா விளக்குமாற்றோடு தயாராக நின்றாள்.

கழுத்து வெறுமையானது. அங்கே என்ன போடுவது? போட்டோவில் எனக்கு உதவ எதுவும் இல்லை. கயிறு எப்படி வளையும், சாவியின் நிழல் எந்தப் பக்கம் விழும், தெரியவில்லை.

நான் தயங்குவதைப் பார்த்து அக்கா உள்ளே போனாள். பூஜை அலமாரியில் இருந்து கறுப்புக் கயிறு எடுத்து, வீட்டுச் சாவியைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்காலியை வாசல் வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்படித்தான் தொங்கும். அது இன்னும் பெருசு. பாத்துப் போடு."

முதல் தடவையாக, திரும்பிப் பார்க்கிற ஒருவரைப் பார்த்து வரைந்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்தது, ஆனாலும் எழுந்து ஓடவில்லை. கழுத்து எலும்பு, அதன் பள்ளம், குறுக்கே ஓடுகிற இரண்டு கோடுகள், தோள்பட்டையில் ரவிக்கை அழுத்திய தடம். இவ்வளவு நேரம் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

முடித்துக் காட்டியபோதுதான் கவனித்தேன். முகம் அந்த வயதுடையது. கழுத்து இன்றைய கழுத்து.

"மூஞ்சி குமரி, கழுத்து கெழவி" என்றாள் அக்கா.

"மாத்திடறேங்கா."

"வேணாம். இருக்கட்டும். ரெண்டும் நான்தான்."

மஞ்சள் முழுதாகப் போகவில்லை. தாளின் சொரசொரப்புக்குள் ஏறிய பொடியை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது. பச்சைப் புடவைக்கு அடியில், மாலை கிடந்த இடம் முழுக்க, லேசாக இன்னும் தெரிகிறது. மேலே எவ்வளவு பச்சை தேய்த்தாலும் தாள் இனிமேல் வாங்கிக்கொள்ளாது.

படம் இப்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறது. போன வாரம் நான் போயிருந்தபோது கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா இது, கழுத்துல சாவி?" என்று கேட்டார்.

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். பூத்தைப் பற்றி, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி, போன் மீட்டரில் சிவப்பாக ஓடுகிற எண்களைப் பற்றி, மகன் குரலைக் கேட்டதும் பேசாமல் அழுதுவிட்டுப் போன ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவருக்கு வண்டி காத்திருந்தது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அடுப்படியில் நின்று கேட்டேன். எல்லாமே எனக்குப் புதிதாக இருந்தது. அந்தச் சாவி கழுத்தில் கிடந்த நாட்களில், நானும் அவளும் ஒரே பாயில்தான் படுத்தோம்.